ஈயா, சுரமா

எந்தப் புனிதருக்குக் கட்டியதென்று
எங்களில் யாருக்கும் நினைவில்லாத தேவாலயம்.
கென்ட் நகரின் கால்வாய் திரும்பும் இடம்.
இப்போது உள்ளே சுவரேறுகிறோம்.
தூண்களில் மஞ்சளும் ஊதாவுமாய்ப் பிடிமானங்கள்,
பலிபீடம் இருந்த மூலையில்
காலணி வாடகைக்கு.
கயிறு சோதிப்பது என் வேலை.
ஒவ்வொரு முடிச்சையும் சந்தேகத்தோடு தொட வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.

மழையங்கி சொட்டச் சொட்ட நாலு பேர் வந்தார்கள்:
ஹோடலீவ, யோரிஸ், வானஸ், லீசலோட்.
எண்ணூறு வருடத்துப் பாட்டு, மைக் வேண்டாம்,
வெந்நீர் மட்டும் கிடைக்குமா என்றார்கள்.

ஒத்திகைக்கு வாய் திறந்தார்கள்.
குரல் நேரே பாய்களில் விழுந்தது.
முழங்கால் உயர நுரைப் பாய்.
விழுகிறவர்களை வலிக்காமல் வாங்கிக்கொள்ளப் போட்டது
பாட்டையும் அப்படியே வாங்கிக்கொண்டது.
திருப்பித் தரவில்லை.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பக்கத்தின் புகைப்படம்.
கன்றுத்தோல். நான்கு சிவப்புக் கோடு.
கோடுகளில் சதுரச் சதுரமாய்ச் சுரங்கள்.
மூன்றாம் வரி முடிகிற இடத்தில்
கோட்டுக்குச் சற்று மேலே ஒரு கறுப்பு.
சுரம் என்றாள் ஹோடலீவ.
ஈ என்றான் யோரிஸ்,
மூடிய புத்தகத்தில் நசுங்கிய ஈ,
உற்றுப் பார், கால் தெரிகிறது.
கால் இல்லை, இறகுப் பேனா பிசிறியது.
மூன்று வாரமாய் ரயிலிலும் தொலைபேசியிலும்
இதே வழக்கு.
வாக்கெடுப்புகூட நடந்ததாம்.
இரண்டுக்கு இரண்டு.

எட்டு மணிக்குக் கூட்டம் நூறைத் தாண்டியது.
முதல் பாட்டு முடிந்ததே தெரியாமல்
கைதட்டலும் பஞ்சாய்க் கேட்டது.
பின்வரிசையில் ஒரு பெண்,
டிராம் ஓட்டுநரின் சீருடை,
எழுந்து தன் பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.
பக்கத்திலிருந்தவர் மறுமுனையைப் பிடித்தார்.
நனைந்தால் நாறும் என்று கத்தினேன்,
முதலாளி விடமாட்டார் என்றேன்,
பிறகு நானும் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தேன்.
வாசலுக்கு வெளியே, மழைக்குள்,
அறுபது பாய்.

தரை வந்தது.
பெயர் தேய்ந்த சமாதிக் கற்கள்.
ஒன்பது வருடம் அவற்றின் மேல் நடந்திருக்கிறேன்.
ஜனங்கள் கோட்டை விரித்துக் குந்தினார்கள்.
எனக்கு நிற்க இடமில்லை,
தெரிந்த இடம் மேலேதான்.
தானாய்ப் பிடிக்கும் கயிற்றை மாட்டிக்கொண்டு
ஏறினேன், வளைவுகள் சேரும் உச்சிவரை.
கீழே பாய் கிடையாது.
நான் சோதித்த கயிற்றை
நானே நம்பித் தொங்கியது அன்றுதான்.

பாடினார்கள்.
நாலு வாயும் கீழே தெரிந்தன, மூடித் திறந்து.
மேலே வந்து சேர்ந்தது நாலு இல்லை.
யாரும் பாடாத ஒன்று,
வானஸின் அடித்தொண்டைக்கும் கீழே,
கல்லிலிருந்து வந்தது போல.
எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.

மூன்றாம் வரி.
யோரிஸ் மூச்சுக்கு நிறுத்திய இடத்தில்
ஹோடலீவ ஈயைப் பாடினாள்.
மற்ற மூன்று குரலோடும் அது உரசியது,
சோற்றில் கல் கடித்தது மாதிரி.
யோரிஸ் திரும்பிப் பார்த்தான்.
அவள் விடவில்லை.
டிராம் ஓட்டுநர் சத்தமாய்ச் சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பாட்டு நின்ற பிறகு
கூரை அதை மட்டும் வைத்துக்கொண்டு
ஆறு, ஏழு,
எட்டு எண்ணும்வரை கொடுக்கவில்லை.

வாசலில் வண்டிக்காரரிடம் உருளைக்கிழங்கு வறுவல்.
காகிதக் கூம்பை நீட்டி யோரிஸ் கேட்டான்,
மேலிருந்தவர் சொல்லுங்கள்,
ஈயா, சுரமா?

எனக்கு இசை தெரியாது என்றேன்.
கயிறு அதிர்ந்தது.

அவன் ஒன்றும் பேசவில்லை.
ஹோடலீவ என் வறுவலில் பாதியைத் தின்றாள்.

பாய்கள் காய நாலு நாள் ஆயிற்று.
முதலாளி ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.
பதினேழாம் எண் பாய் மட்டும்
இன்னும் நாறுகிறது.